கண்ணாடி சிரிஞ்ச் காலத்து நர்ஸ் பயிற்சி: கைவேலையும் அதன் காரணமும்

1950 வாக்கில் மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தவரை உடனே வார்டுக்குள் விட்டுவிட மாட்டார்கள். பிரிட்டிஷ் முறையில் நடந்த மருத்துவமனைகளில் முதலில் சில வாரம் ஆரம்பப் பயிற்சிப் பள்ளி. அதன் பிறகுதான் மூன்று வருட வார்டு வேலை. அந்த வாரங்களில் பொம்மை நோயாளியைக் குளிப்பாட்டினார்கள், ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினார்கள், ஒரே கட்டிலை நாளுக்குப் பத்து முறை பிரித்து விரித்தார்கள். பார்ப்பதற்கு வெறும் ஒழுங்குமுறை போலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு படியும் ஒரு குறிப்பிட்ட தவறு உள்ளே நுழையும் வழியை அடைப்பதற்காக வைத்தது. எந்தப் படி எந்தத் தவறை அடைக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்தால் வேலை சீக்கிரம் கைவரும். வெறும் வரிசையாக மனப்பாடம் செய்தால் மூன்றாம் நாளே ஒரு படி விட்டுப்போகும்.

கீழே உள்ளவை நர்சிங் மாணவர்களும், நர்சிங் வரலாறு சொல்லிக்கொடுப்பவர்களும், அந்தக் காலத்து வார்டை அப்படியே அமைத்துக் காட்ட விரும்புபவர்களும் செய்து பார்ப்பதற்கு. உயிருள்ள நோயாளியிடம் இன்றைய முறைதான். இவை பொம்மைக்கும் சோதனை மேசைக்கும்.

படுக்கை

தொடங்கும் முன் தேவையானதையெல்லாம் எடுத்து, பயன்படுத்தும் வரிசையில் நாற்காலியின் முதுகில் மடித்துப் போடுங்கள்: முதலில் தேவைப்படுவது மேலே. பாதியில் நோயாளியை மூடாமல் விட்டுவிட்டு அலமாரிக்கு ஓடக்கூடாது என்பதற்காகத்தான் இது.

மெத்தையின் மேல் அடி விரிப்பு. அதன் மேல், தோள் முதல் முழங்கால் வரை வரும்படி மெக்கின்டாஷ் என்ற நீர் புகாத ரப்பர் விரிப்பு. அதை முழுக்க மறைத்து, குறுக்கே போடும் டிரா ஷீட் என்ற துணி விரிப்பு. மெக்கின்டாஷ் நேராகத் தோலில் பட்டால் வியர்வை தேங்கித் தோல் ஊறிவிடும்; அப்படி ஊறிய தோல்தான் முதலில் உரியும்.

மூலை மடிப்புக்கு, முதலில் கால்மாட்டுப் பக்கம் விரிப்பை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். மூலையிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில் தொங்கும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி மெத்தை மேல் படுக்கவையுங்கள். ஒரு முக்கோணம் உருவாகும். மெத்தைக்குக் கீழே இன்னும் தொங்கும் துண்டை உள்ளே செருகிவிட்டு, முக்கோணத்தை இறக்கி இழுத்துப் பிடித்து அதையும் செருகுங்கள். செருகும்போது உள்ளங்கை கீழே பார்க்கட்டும். அப்போதுதான் கட்டிலின் கம்பி புறங்கையைக் கிழிக்காது. மேல் விரிப்பில் பாதத்துக்கு மேலே ஒரு மடிப்பு விட்டுத் தளர்த்த வேண்டும். இறுக்கி விரித்த விரிப்பு பல நாள் படுத்திருப்பவரின் பாதத்தைக் கீழே அழுத்தி, கடைசியில் குதிகால் தரையில் படாதபடி பாதம் தொங்கிப்போகும்.

நோயாளி படுத்திருக்கும்போதே மாற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நோயாளியைத் தன் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பழைய விரிப்பை நீளவாக்கில் சுருட்டி முதுகை ஒட்டி வைத்து, அதன் பக்கத்திலேயே புதியதைப் பாதி சுருட்டியபடி விரிப்பார். இரண்டு சுருளையும் தாண்டி நோயாளி மறுபக்கம் திரும்பியதும் பழையதை உருவி, புதியதை இழுத்துச் சுருக்கமில்லாமல் செருக வேண்டும். ஒரு சுருக்கம்கூட முதுகெலும்பின் அடியில் மணிக்கணக்கில் கிடந்தால் போதும், படுக்கைப் புண் தொடங்கிவிடும். விரிப்பை உதறக்கூடாது. உதறினால் எழும் தூசியில் தொற்றுக் கிருமி போகும். படுக்கை விரித்து, பெருக்கி முடித்து ஒரு மணி நேரம் ஆகும் வரை எந்தப் புண்ணையும் திறந்து கட்டு மாற்றக்கூடாது என்ற விதியின் காரணமும் அதுவே.

டிரா ஷீட்டை நீளமாக வைத்ததற்கு அழகான ஒரு காரணம் உண்டு. ஒரு பக்கம் அதிக நீளத்தைச் செருகி வைத்திருப்பார்கள். காய்ச்சலில் கிடப்பவருக்கு முதுகு கொதிக்கும்போது, மறுபக்கத்திலிருந்து 45 செ.மீ. இழுத்தால் குளிர்ந்த புதுத் துணி அடியில் வந்துவிடும்.

முதுகுப் பராமரிப்பில் மட்டும் அன்றைய பாடம் பாதி தவறு. நான்கு மணிக்கொருமுறை சோப்பு நுரையோடு உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்து, துடைத்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போடச் சொன்னார்கள். எலும்பு துருத்தும் இடத்தில் அழுத்தித் தேய்ப்பது அடித்தசையைக் காயப்படுத்தும் என்பது பிறகு தெரிந்தது. ஸ்பிரிட் தோலை வறட்டிவிடும். அழுத்தம் குறையட்டும் என்று அன்று பயன்படுத்திய ரப்பர் வளையத்தின் மேல் உட்காரவைத்தால் வளையத்தைச் சுற்றியே ரத்த ஓட்டம் தடைபடும். அன்றைய பாடத்தில் நிலைத்து நின்றது இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதுதான்.

தெர்மாமீட்டர்

பாதரசக் கோட்டை 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்கிவிட்டு வையுங்கள். மணிக்கட்டைச் சொடுக்கி உதற வேண்டும். கையை முழுக்க வீசினால் கட்டில் கம்பியில் மோதி உடையும். நாக்கின் அடியில் மூன்று நிமிடம், அக்குளில் குறைந்தது ஐந்து. சூடாகவோ குளிராகவோ குடித்திருந்தால் 15 நிமிடம் கழித்துத்தான். சிறு கோடு ஒவ்வொன்றும் 0.2 டிகிரி, வாயில் இயல்பு அளவு 98.4.

அந்த மூன்று நிமிடமும் சும்மா நிற்பதற்கல்ல. நடுவிரல்களால் நாடியைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். கட்டைவிரல் வேண்டாம், அதில் உங்கள் நாடியே துடிக்கும். எண்ணி முடித்தும் கையை விடாதீர்கள். நாடி பார்ப்பதுபோலவே பிடித்துக்கொண்டு, கண்ணால் மார்பைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டும். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே நோயாளியின் மூச்சின் வேகம் மாறிவிடும்.

படித்துக் குறித்த பிறகு, விரல் பிடித்த முனையிலிருந்து பாதரசக் குமிழை நோக்கித் துடைத்து, சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவி, கிருமிநாசினிக் குவளையில் போடுங்கள். வெந்நீர் பட்டால் பாதரசம் விரிந்து குமிழே வெடிக்கும். குவளையின் அடியில் பஞ்சு வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் விழும் முதல் தெர்மாமீட்டரே உடையும். இன்று செய்து காட்டுபவர்கள் பாதரசம் இல்லாத மாதிரியைப் பயன்படுத்துவது நல்லது.

கண்ணாடி சிரிஞ்ச்

பயிற்சியில் அதிக நேரம் எடுத்ததும் அதிகத் திட்டு வாங்கித் தந்ததும் இதுதான். 1940-களில் பெனிசிலின் வந்தபோது, அது உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுவதால் மூன்று அல்லது நான்கு மணிக்கொருமுறை ஊசி போட வேண்டியிருந்தது, இரவிலும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிரிஞ்ச் பரவாத காலம். அதனால் ஒரே சிரிஞ்ச்கள் நாள் முழுக்கக் கழுவி, கொதித்து, ஆறி, மறுபடி வேலைக்கு வந்தன.

முழுக்கண்ணாடி சிரிஞ்சில் உருளை, தண்டு, ஊசி மாட்டும் முனை என்று மூன்று பகுதி. உருளைக்கும் தண்டுக்கும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்துத் தேய்த்துச் செய்தவை அவை. 14-ஆம் எண் தண்டை 15-ஆம் எண் உருளைக்குள் விட்டால், இறுகிப்போய் நிற்கும். அல்லது மருந்து பின்பக்கமாகக் கசிந்து, நோயாளிக்குப் போன அளவு எவ்வளவு என்றே தெரியாமல் போகும்.

ஊசி போட்டு முடித்த நொடியிலேயே குளிர்ந்த நீரை இரண்டு மூன்று முறை இழுத்துத் தள்ளிவிட்டு, தண்டை உருவித் தனியே வையுங்கள். ‘பிறகு கழுவலாம்’ என்று கிட்னி டிரே என்ற வளைந்த தட்டில் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ரத்தமும் மருந்தும் காய்ந்து தண்டை ஒட்டவைத்துவிடும். வெந்நீரில் கழுவினால் இன்னும் மோசம். ரத்தத்தின் புரதம் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி உறைந்து பிடித்துக்கொள்ளும். ஒட்டிய தண்டை முறுக்கித் திருகாதீர்கள், கண்ணாடி உள்ளங்கையிலேயே உடையும். குளிர்ந்த நீரில் நெடுநேரம் ஊறவைத்து மெல்ல அசைத்துப் பார்ப்பதுதான் வழி.

ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு எடுத்து, நீரைப் பீய்ச்சிப் பாருங்கள்; நேராக, ஒரே இழையாக வர வேண்டும். பிறகு முனையைப் பஞ்சின் மேல் மெதுவாக இழுங்கள். ஒரு நார்கூட மாட்டாமல் வந்தால் முனை நன்றாக இருக்கிறது. நார் பிடித்து இழுத்தால் முனை கொக்கிபோல் வளைந்திருக்கிறது. நோயாளியின் தோலிலும் அது அப்படித்தான் இழுக்கும். எண்ணெய் தடவிய சாணைக்கல்லில் சாய்வு முகத்தைத் தட்டையாக வைத்துத் தீட்டி, பஞ்சில் மீண்டும் சோதிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவரின் ஊசி எது என்று வார்டில் எல்லா நோயாளிக்கும் தெரிந்திருக்கும்.

கொதிக்கவைக்கும்போது உருளையையும் தண்டையும் பிரித்து, தனித்தனியாக மெல்லிய துணியில் சுற்றி, குளிர்ந்த நீரில் போட்ட பிறகே அடுப்பை ஏற்றுங்கள். கொதிநீரில் நேரே போட்டால் கண்ணாடி விரிசல் விடும். எல்லாம் முழுக்க நீரில் முங்கியிருக்க வேண்டும், உள்ளே காற்றுக்குமிழ் தங்கக்கூடாது. குமிழ் இருக்கும் இடம் கொதிநீர் படாத இடம். நேரக் கணக்கு தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தொடங்கும். நடுவில் யாராவது ஒரு கத்தரிக்கோலைப் போட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. இதை மறைப்பதுதான் பயிற்சியில் மன்னிக்க முடியாத குற்றம், ஏனென்றால் பார்த்தால் தெரியாத தவறு அது.

கொதிநீருக்கு எல்லையும் உண்டு. டெட்டனஸ் போன்ற கிருமிகளின் வித்துகள் 100 டிகிரி செல்சியஸில் சாவதில்லை. அவற்றுக்கு ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலன் வேண்டும்: சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம். அதைவிடப் பெரிய ஆபத்து அவசரத்தில் நடந்தது. ஒரே சிரிஞ்சில் மருந்தை நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு ஆள் ஊசியை மட்டும் மாற்றிப் போட்டார்கள். ஊசியைக் கழற்றும்போதே சிறிது ரத்தம் சிரிஞ்சுக்குள் ஏறிவிடும் என்பதும், அப்படித்தான் மஞ்சள் காமாலை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போனது என்பதும் 1940-களில் தெளிவாயிற்று. ஆளுக்கு ஒரு ஊசி போதாது, ஆளுக்கு ஒரு சிரிஞ்ச் வேண்டும் என்ற விதி பிறந்தது அதனால்.

கொதித்ததை எடுப்பதற்கு சீட்டில் ஃபோர்செப்ஸ் என்ற நீண்ட இடுக்கி கிருமிநாசினி ஜாடியில் நிற்கும். அதன் முனை எப்போதும் கீழேதான் பார்க்க வேண்டும். முனையை ஒருமுறை மேலே தூக்கினால், அதில் ஒட்டியிருக்கும் திரவம் கைப்பிடி வரை வழியும். மறுபடி கீழே சாய்க்கும்போது உங்கள் விரலின் அழுக்கைச் சுமந்துகொண்டு முனைக்கே திரும்பும். ஜாடியிலிருந்து எடுக்கும்போது விளிம்பில் படக்கூடாது. சிரிஞ்சைப் பொருத்தும்போது தண்டை அதன் பின்முனைக் குமிழிலும், ஊசியை அதன் அடிக்கட்டையிலும் மட்டும் தொடுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஸ்பிரிட்டில் வைத்திருந்த சிரிஞ்சைப் பெனிசிலினுக்கு எடுத்தால், கிருமி நீக்கிய நீரால் முதலில் அலச வேண்டும். ஸ்பிரிட் பெனிசிலினைக் கெடுக்கும். துரு பிடிக்காமலிருக்க சோடா போட்டுக் கொதிக்கவைத்த சிரிஞ்சும் அப்படியே, காரமும் அதற்கு ஆகாது. ஊசி போட்டாயிற்று, மருந்து வேலை செய்யவில்லை என்றால் குறையை மருந்தில் தேடுவதற்கு முன் சிரிஞ்சில் தேடுங்கள்.

கிரெயின், மினிம் கணக்கு

மருந்துகள் மில்லிகிராமுக்கு முழுதாக மாறாத காலம். எடைக்குக் கிரெயின், திரவத்துக்கு மினிம் என்ற பழைய பிரிட்டிஷ் அளவுகள்தான் புழங்கின. ஒரு கிரெயின் ஏறக்குறைய 60 மி.கி.; 15 மினிம் ஏறக்குறைய 1 மி.லி. இரண்டையும் மனதில் பதித்துக்கொண்டால் மற்றவை வந்துவிடும்.

மார்ஃபின் கால் கிரெயின் மாத்திரைதான் கையில் இருக்கிறது. டாக்டர் எழுதியிருப்பது ஆறில் ஒரு கிரெயின். வேண்டியதை இருப்பதால் வகுங்கள்: 1/6 ÷ 1/4 = 2/3. மாத்திரையை 15 மினிம் நீரில் கரைத்து 10 மினிம் கொடுத்து, 5 மினிமைச் சாட்சியின் முன் கொட்டிவிட வேண்டும். சோர்ந்த மனம் செய்யும் தவறு, 6 பெரிய எண் என்பதால் ஆறில் ஒன்று காலைவிட அதிகம் என்று நினைப்பது. அதனால்தான் இந்த மருந்துகளுக்கு இரண்டு பேர்: அலமாரிக்குள் இருக்கும் பூட்டிய அலமாரியைத் திறப்பதிலிருந்து, கணக்கு, நோயாளியின் பெயர், ஊசி போடுவது, பதிவேட்டில் கையெழுத்து வரை இருவரும் உடன் இருக்க வேண்டும். இரண்டாமவர் முதலாமவரின் விடையைப் பார்க்காமல் தனியே கணக்குப் போட வேண்டும். விடையைக் காட்டி ‘சரிதானே’ என்று கேட்டால் யாரும் ‘ஆம்’ என்றே சொல்வார்கள்.

கிரெயினையும் கிராமையும் குழப்பினால் தவறு 15 மடங்கு. கையெழுத்து புரியவில்லை என்றால் யூகிக்காதீர்கள், எழுதியவரிடமே கேளுங்கள்.

இன்சுலினில் வேறு ஒரு பொறி. பிரிட்டனில் புழங்கிய இன்சுலின் சிரிஞ்சில் 1 மி.லி.க்கு 20 கோடு. மருந்தோ 1 மி.லி.க்கு 20, 40, 80 யூனிட் என்று மூன்று வலிமையில் வந்தது. 40-இல் ஒரு கோடு 2 யூனிட், 80-இல் 4. ஆகவே 40 யூனிட் வேண்டுமென்றால் 40 வலிமையில் 20 கோடு, 80 வலிமையில் 10 கோடு. ‘20 கோடு போடு’ என்று வாய்மொழியாகச் சொன்னால் புட்டியைப் பொறுத்து இரட்டிப்பாகிவிடும். எப்போதும் யூனிட்டில் சொல்லி, புட்டியின் வலிமையைச் சத்தமாகப் படியுங்கள்.

டிரிப் கணக்கு எளிது. 1 மி.லி.க்கு 15 சொட்டு விழும் குழாயில் 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் போக வேண்டுமென்றால்: 500 × 15 ÷ 240, நிமிடத்துக்கு 31 சொட்டு. ரப்பர் குழாயைச் சரியாக அலசாமல் மறுபடி பயன்படுத்தினால், கிருமி செத்திருந்தாலும் அதன் எச்சம் உள்ளே போய் நோயாளிக்குத் தூக்கிப்போடும் குளிரும் காய்ச்சலும் வரும்.

சிறுநீர்ச் சோதனை

காலையில் கழுவும் அறையில், ஸ்பிரிட் விளக்கின் முன் பயிற்சி நர்ஸ் தானே செய்த வேலை இது. 1956-இல் சர்க்கரைக்கான காகிதப் பட்டை வந்த பிறகுதான் சுமை குறைந்தது.

முதலில் ஒப்படர்த்தி: நீரை 1000 என்று வைத்தால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்ற எண். மிதவைக் கருவியை விட்டு லேசாகச் சுழற்றிவிடுங்கள். ஓரத்தில் ஒட்டாமல் மிதக்க வேண்டும். கண்ணை மட்டத்துக்கு இறக்கி, வளைவின் அடிக்கோட்டைப் படியுங்கள். இயல்பாக 1010 முதல் 1025 வரை இருக்கும். இப்போதுதான் கழித்த சூடான சிறுநீர் குறைவாகக் காட்டும், ஆறவிடுங்கள். அளவு போதவில்லை என்றால் சமமாக நீர் சேர்த்து, வரும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை இரட்டியுங்கள்: 1008 காட்டினால் 1016.

அல்புமின் என்ற புரதத்துக்கு, சோதனைக் குழாயில் முக்கால் பங்கு நிரப்பி, அடியைப் பிடித்துக்கொண்டு மேல் பகுதியை மட்டும் சூடாக்குங்கள். கீழ்ப் பகுதி தெளிவாகவே இருப்பதால் மேலே வரும் கலங்கல் ஒப்பிட்டவுடன் தெரியும். கலங்கினால் உடனே அல்புமின் என்று எழுதிவிடாதீர்கள். நீர்த்த அசிட்டிக் அமிலம் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். கலங்கல் கரைந்தால் அது பாஸ்பேட், நின்றால் அல்புமின்.

சர்க்கரைக்கு, தாமிரச் சேர்மம் உள்ள நீல நிற பெனடிக்ட் கரைசல் 5 மி.லி. எடுத்து, முதலில் அதை மட்டும் கொதிக்கவையுங்கள். நீலமாகவே இருந்தால்தான் கரைசல் கெடவில்லை என்று பொருள். பிறகு சிறுநீர் 8 சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். கொதிநீர்க் குவளையில் ஐந்து நிமிடம் நிறுத்தி, தானாக ஆறவிடுங்கள். விளக்கில் நேரே காட்டினால் திரவம் திடீரென்று துள்ளி வெளியே பாயும். குழாயின் வாய் யார் முகத்துக்கும் நேராக இருக்கக்கூடாது. நீலம் என்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் சிவப்பு என்றால் 2 சதவீதமோ அதற்கு மேலோ. சர்க்கரை தாமிரச் சேர்மத்தைச் சிவந்த ஆக்சைடாக மாற்றுகிறது. அந்தச் சிவப்பு வண்டல் நீலத்தோடு கலக்கும் விகிதத்தைத்தான் இத்தனை நிறமாகப் பார்க்கிறோம். பால் கொடுக்கும் தாயின் சிறுநீரில் லாக்டோஸ் இருந்தாலும் நிறம் மாறும். சர்க்கரை நோயாளிக்கு விடிந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் உதவாது, அது இரவு முழுக்கச் சேர்ந்த பழைய கணக்கு. அதைக் கழிக்கச் சொல்லிவிட்டு, அரை மணி கழித்து வரும் இரண்டாவதைச் சோதியுங்கள். அன்றைய இன்சுலின் அளவை அந்த நிறத்தை வைத்தே முடிவு செய்தார்கள்.

சர்க்கரை அதிகம் இருந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அசிட்டோனையும் பார்க்க வேண்டும். 5 மி.லி. சிறுநீரில் அம்மோனியம் சல்பேட் உப்பை, இனிக் கரையாது என்னும் வரை போட்டுக் குலுக்கி, சோடியம் நைட்ரோபுருசைடு படிகம் ஒன்றைச் சேர்த்து, குழாயைச் சாய்த்து அடர் அம்மோனியாவைச் சுவர் வழியே மெல்ல விடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஊதா வளையம் வந்தால் அசிட்டோன் இருக்கிறது. அம்மோனியா ஆவி கண்ணைத் தாக்கும், சன்னல் திறந்திருக்கட்டும். நைட்ரோபுருசைடு என்ற நச்சு உப்பைத் தொட்ட கையைக் கழுவாமல் வேறெதையும் தொடாதீர்கள்.

ஒரு குழாயில் செங்கல் சிவப்பு, பக்கத்துக் குழாயில் ஊதா வளையம் என்று இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால், மற்ற நோயாளிகளின் குழாய்களை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நிற்கக்கூடாது. நோயாளி மயக்கத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, அந்த இரண்டு குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு முதலில் வார்டின் பொறுப்பு நர்ஸான வார்டு சிஸ்டரிடம் காட்டுங்கள். பதிவேட்டில் எழுதுவது அதற்குப் பிறகு.